பெட்ரோல் மூடிக்குள் மழைநீர்

இரவெல்லாம் மழை. காலையில் பழைய பைக் ஸ்டார்ட் ஆகி, தெருமுனையில் திக்கி நிற்கிறதா? ப்ளக்கைத் திட்டுமுன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். டேங்க் மட்டத்தில் பதிந்த மூடியென்றால், உள்விளிம்பில் சிறு துளை இருக்கும். அங்கே தேங்கும் மழைநீர் அதன்வழி குழாயில் இறங்கித் தரைக்குப் போகவேண்டும். மண் அடைத்தால் டேங்குக்குள் கசியும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமானால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான்!

எஞ்சின் ஆறியபின், வெட்டவெளியில், டேங்க் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, தூண்டில் நரம்பைத் துளையில் மெல்லச் செலுத்துங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், டியூப் கிழியும். பிறகு துளையில் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டால் வண்டிக்கடியில் சொட்டவேண்டும். சொட்டவில்லையா? டியூபின் கீழ்முனையில் சேறு இருக்கும். சில வண்டிகளில் குளவிக்கூடே இருக்கும். ஏற்கெனவே தண்ணீர் இறங்கிவிட்டதென்றால், மெக்கானிக்கிடம் கொடுத்து டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.