புது உத்தியோகமும் வீட்டுக் கடனும்

டில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. அப்பா ஓய்வுபெறும் வருஷத்தில் அது தலைகாட்டும். ராமகிருஷ்ணபுரத்திலோ லட்சுமிபாய் நகரிலோ அரசாங்கக் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளியாயிற்று. ஓய்வுபெற்ற சில மாதங்களில் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். ஊரிலிருந்த பாட்டனார் வீடோ பங்கு பிரிந்து என்றோ கைமாறியிருக்கும். ஆகவே எல்லார் கண்ணும் புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்த பிள்ளைமீது விழுகிறது. “உனக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே, பாங்கில் கேட்டுப் பாரேன்!”

எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை என் அக்கா. ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்று, குருகிராமத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் போன பாங்கின் மானேஜர் மரியாதையாகவே பேசினார். பணி நிரந்தரமான கடிதம் கேட்டார். தகுதிகாண் காலமே முடியவில்லை. படிவம் 16 கேட்டார். முதல் நிதியாண்டே முடியவில்லை. அப்பாவைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்க்கலாமா என்றோம். “அவர் சம்பளம் இன்னும் எட்டு மாதந்தானே!” என்று சிரித்துவிட்டார்.

நண்பர்களே, பாங்கைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. அவர்கள் கொடுப்பது ஊரார் போட்டு வைத்த பணம். நான்கு சம்பளச் சீட்டை வைத்து இருபது வருஷத்தைக் கணிப்பது, நான்கு புள்ளிகளைக் குறித்துவிட்டு நீண்ட வளைகோட்டை வரைவதற்கு ஒப்பாகும். நம் ஆய்வுக்கூடத்தில் எந்தப் பேராசிரியர் அதை ஏற்பார்?

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. ‘முன் வருமானம்’ என்ற கட்டத்தில் அக்காவுக்கு ‘இல்லை’ என்று எழுதினார்கள். ஐந்து வருஷம் அவள் என்ன காற்றையா புசித்தாள்? ஆராய்ச்சி உதவித்தொகை மாதந்தவறாமல் வந்தது என்று எழுதக் கை கூசுகிறது, தாமதமாகவேனும் வந்தது. 2023 ஜனவரியில் இளநிலை ஆய்வாளர் தொகை 37,000 ரூபாயாக உயர்ந்ததே, அது பணமில்லையா? அதிலிருந்து அவள் யாருக்கும் பாக்கி வைக்காமல் வாழ்ந்தாள். யாரிடமும் கடன் வாங்காததால் 300 முதல் 900 வரை போடும் ‘சிபில்’ மதிப்பெண்ணும் அவளுக்கு இல்லை! முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கேட்பவரைத் தள்ளலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2025-இல் அறிவுறுத்தியிருப்பது நல்லதே. உதவித்தொகை வரவு பதிந்த பாஸ்புத்தகத்தையும் ஒரு சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வேறொரு நிறுவனம் கடன் தரத் தயார் என்றது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 40 லட்ச ரூபாய்க்கு எட்டரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 20 வருஷமானால் மாதத் தவணை 34,713 ரூபாய். 30 வருஷமானால் 30,757. மாதம் நாலாயிரம் குறைகிறதே என்று மனம் மயங்கும். மொத்தம் கட்டுவதோ 83 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் ஏறிவிடுகிறது.

“வாடகை கொடுப்பது தண்டம்” என்கிறார் அப்பா. 20 வருஷக் கடனிலேயே முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 6,380 ரூபாய்தான். அந்த வட்டியும் ஒரு வாடகைதானே? வீட்டுக்குக் கொடுப்பதைப் பணத்துக்குக் கொடுக்கிறோம், அவ்வளவே.

இன்னும் ஒன்று. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் விதி. 50 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கைப்பணம் 10 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி. (டில்லியில் பெண் பெயரில் வாங்கினால் தீர்வை குறைவு. பெரிய மாமாவுக்கு அதில் வேறு அபிப்பிராயம். அது வேறு கதை.) இந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வரும்? அப்பாவின் கிராஜுவிட்டியிலிருந்து. அதாவது அவருடைய முதுமைக்கான பணம், இன்னும் உறுதியாகாத ஒரு வேலையின்மேல் வைக்கப்படுகிறது. ஏழாம் மாதம் கம்பெனி ‘போய் வா’ என்றால் தவணை நிற்காது. 90 நாள் பாக்கி விழுந்தால் அது வாராக்கடன். பிறகு 2002-ஆம் வருஷச் சட்டப்படி 60 நாள் நோட்டீசு கொடுத்து, வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற இடமுண்டு.

ஒன்றிரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருப்போம், அக்காவின் வேலை நிரந்தரமாகட்டும், கிராஜுவிட்டி டிபாசிட்டில் கிடக்கட்டும் என்பது என் கட்சி. அக்காவும் என் பக்கம். அப்பா இன்னும் இறங்கி வரவில்லை.

இவ்வருஷம் ஆராய்ச்சியை முடித்து வெளியேறும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதி அறையைக் காலி செய்யுமுன், கணக்குப் பிரிவில் வருஷவாரியாக உதவித்தொகைச் சான்றிதழ் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வேறூர் போன பின் அந்த ஜன்னலில் நின்று வாங்குவது எளிதல்ல.