கணிப்புக்கு முந்திய உழைப்பு
2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் வழங்கப்பட்டபோது, அமினோ அமில வரிசையைக் கொண்டு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி நிரல் எங்கும் பேசப்பட்டது. அந்நிரல் எதைப் படித்துத் தேர்ந்தது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. புரதத்தைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் பாங்கிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், தம் முடிவுகளை எவரும் கட்டணமின்றி எடுத்தாளும்படி ஒப்படைத்த புரதத் தரவு வங்கியே அதற்கு அடிப்படை. 1971இல் வெறும் 7 அமைப்புகளுடன் தொடங்கிய அவ்வங்கி அரை நூற்றாண்டில் ஒன்றரை லட்சத்தைக் கடந்ததில், ஒரே ஒரு படிகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஆராய்ச்சி மாணவர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. கடைசிவரை படிகமாகாத புரதங்களோடு போராடியவர்களுக்கு அதில் பதிவுகூட இல்லை. புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று காட்டி, ஒரு வடிவம் நம்பத்தக்கதா எனச் சோதிக்க இன்றும் உதவும் ராமச்சந்திரன் வரைபடமும், 1963இல் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அளித்த கொடையாகும். மருந்து மூலக்கூறு வந்து சேரும்போது ஒரு புரதம் எவ்வாறு உருமாறுகிறது என்பது போன்ற வினாக்களுக்கு உறுதியான விடை சோதனைச்சாலையிலிருந்தே வர வேண்டியிருப்பதால், ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் கணினிகளுக்குக் காட்டும் தாராளத்தைப் படிக ஆய்வுக்கூடங்களுக்கும் காட்டுவதே முறையாகும்.