மூலப் பத்திரம் இருக்கா சார்?

போன மாசம் தாத்தா பெயரில் கிடக்கும் முப்பது சென்ட் நிலத்துக்குப் பட்டா மாற்றலாம் என்று கேஷுவல் லீவ் போட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். (எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். பட்டா இன்னும் கைக்கு வரவில்லை!)

"மூலப் பத்திரம் இருக்கா சார்?"

"ஜெராக்ஸ் இருக்கு."

"ஒரிஜினல்?"

"கரையான் சாப்பிட்டுடுச்சு."

"அப்ப ஊர்ல பழைய ஆளுங்களை விசாரிச்சு, எழுதி வாங்கிட்டு வாங்க."

மறுநாள் ஆபீஸில் புலம்பினேன். எங்கள் சீனியர் ஒருத்தர், லீவு நாளில் கல்வெட்டு, செப்பேடு என்று அலைகிறவர், டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "தம்பி, உனக்கு ஒரு மாசம்தானே ஆச்சு? காமக்காணி நற்சிங்கன் கதை தெரியுமா?"

தெரியாது. சொன்னார்.

சுமார் கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் பட்டத்துக்கு வந்து மூன்றாவது வருஷம். மதுரையில் ராஜா போகும் வழியில் ஒருத்தன் நின்று கதறுகிறான். அவன்தான் கொற்கைக்காரன் நற்சிங்கன். மனு இதுதான்: "உங்க முன்னோர் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, யாகம் செய்த எங்க முன்னோர் நற்கொற்றனுக்கு வேள்விகுடி என்ற ஊரைக் கொடுத்தார். நடுவில் வந்த களப்பிரர் பிடுங்கிக்கொண்டார்கள். திருப்பிக் கொடுங்கள்."

ராஜா கோபப்படவில்லை. சிரித்தார். உடனே தூக்கியும் கொடுத்துவிடவில்லை. "பழைய உரிமைதான் என்று நாட்டாரைக் கொண்டு காட்டு, வாங்கிக்கொள்" என்றார். அதாவது, ஊரில் பழைய ஆளுங்களை விசாரிச்சு...! நற்சிங்கன் அங்கேயே காட்டினான். ஊர் திரும்பக் கிடைத்தது. அந்த ஆர்டர்தான் பத்து ஏடுகள் கொண்ட வேள்விகுடிச் செப்பேடு.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுங்கள். களப்பிரர்களைக் கடுங்கோன் பாண்டியன் விரட்டியது 6-ம் நூற்றாண்டின் கடைசி வாக்கில். அவனிலிருந்து எண்ணினால் நெடுஞ்சடையன் ஏழாவது ராஜா. ஆக்கிரமிப்பு போன பிறகும் பட்டா மாற ஏறக்குறைய 180 வருஷம்!

"இதில் சரித்திரம் எங்கே சார் வருது?" என்றேன்.

"அந்தக் கேஸ் நடக்காம இருந்திருந்தா, பாண்டிய நாட்டைக் களப்பிரர் பிடிச்சதும், கடுங்கோன் மீட்டதும் இவ்வளவு தெளிவா நமக்குத் தெரிஞ்சிருக்காது. ஒரு நிலத் தகராறு மிச்சம் வைத்த சரித்திரம் தம்பி அது!"

செப்பேட்டுக்குப் பொதுவாக இரண்டு பகுதி. முன்பகுதி ராஜாவின் பயோடேட்டா: சந்திரன், சூரியன் வரை வம்சம் போகும், தோற்ற சண்டை ஒன்றுகூட இருக்காது. பின்பகுதி சொத்து விவரம். எந்த ஊர், யாருக்கு, எதுவரை எல்லை. அங்கே கதை விட முடியாது. பக்கத்து நிலத்துக்காரன் சும்மா விடுவானா? நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுத்த புத்த விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது, பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். அதையும் செம்பில் எழுதி வைத்தார்கள். மொத்தம் 21 ஏடு.

"ஆனா ஒண்ணு தம்பி. வேள்விகுடி ஏட்டுல பேசறது ஜெயிச்ச ராஜாவும், ஊர் கிடைச்சவனும். களப்பிரர் தரப்பு வாதம் அதுல கிடையாது. அவங்க கையில ஊர் இருந்தப்போ அங்க உழுதவன் கதையும் கிடையாது."

டீ ஆறிவிட்டது.

அன்று ராத்திரி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, அந்த ஜெராக்ஸை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். 'கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே கல்கட்டுக் கிணறு, வடக்கே ஒற்றைப் புளியமரம்.' மரமும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது. அவை இருந்ததற்கு இந்த மங்கிப்போன தாள்தான் சாட்சி. இன்னொரு சாட்சி, ஊரில் எண்பது தாண்டிய பெரியப்பா ஒருத்தர். சின்ன வயசில் அந்த மரத்தில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். என் நாட்டாருக்கு இப்போதே காது சரியாகக் கேட்பதில்லை. நூற்றெண்பது வருஷம் காத்திருக்க முடியாது, சார்!