மக்கு என்பது வசையன்று

பாடம் விளங்காத பிள்ளையை ‘மக்கு’ என்று வைகிறோம். உழவரோ, நன்கு மக்கிய எருவே வயலுக்கு உயிர் என்பர். வசையாக வழங்கும் சொல்லும் வளத்தைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒன்றாக நிற்கின்றன. இவ்விரண்டனுள் நம் பிள்ளைகள் முன்னதை மட்டுமே அறிந்து வளர்கின்றனர். இது மொழிக்கு நேர்ந்த குறை மட்டுமன்று. கல்விக்கு நேர்ந்த குறையுமாகும் என்பது என் துணிபு.

உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை என்று மூன்று சொற்களை மாணவன் மனப்பாடம் செய்கிறான், மதிப்பெண் பெறுகிறான், மறந்துவிடுகிறான். ‘சிதைப்பவை’ என்னும் சொல்லே பாதி உண்மையைத்தான் கூறுகிறது. உதிர்ந்த இலையை மரவட்டையும் கரையானும் மண்புழுவும் துணுக்குகளாக்குகின்றன. பூஞ்சைகள் நொதிகளைச் சுரந்து அதன் நார்ப்பொருளைக் கரைக்கின்றன. இலையிலுள்ள தழைச்சத்தைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாகவும், வேறு சில பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணுக்குத் திரும்புகின்றன. வேர் அவற்றை மீண்டும் உறிஞ்சுகிறது. சிதைப்பது இவற்றின் செயல்; மீட்பது அச்செயலின் பயன். ஆற்றல் வெப்பமாய் வெளியேறிவிடுவதால் கதிரவன் நாள்தோறும் அதனை வழங்க வேண்டியிருக்கிறது. சத்துகளோ இருப்பதைக் கொண்டே சுழல்கின்றன. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்ட பிள்ளையே பாடத்தைக் கற்ற பிள்ளை.

இது சிறிய செய்தி என்று எண்ணற்க. பேரறிஞர் டார்வின் தம் இறுதிக் காலத்தில், 1881 ஆம் ஆண்டில், மண்புழுக்களின் பணியைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். 1788 இல் ஆங்கிலேயர் அங்கே மாடுகளைக் கொண்டு சேர்த்தனர். கங்காருவின் உலர்ந்த சாணத்துக்குப் பழகியிருந்த அந்நாட்டுச் சாணவண்டுகளால் மாட்டுச் சாணத்தைப் போதிய அளவு கையாள இயலவில்லை. சாணம் மேய்ச்சல் நிலத்தில் கிடந்து காய்ந்தது, அதன் அடியிலிருந்த புல் மாய்ந்தது, ஈக்கள் பெருகின. 1960களில் ஜார்ஜ் போர்னமிசா என்னும் அறிவியலாளரின் முயற்சியால் ஆப்பிரிக்கா முதலிய இடங்களிலிருந்து வண்டுகளைத் தருவிக்க வேண்டியதாயிற்று. செல்வம் மிக்க ஒரு நாடு வண்டுகளின் உதவியை நாடி நின்றது!

நம் பள்ளி வளாகங்களில் நடப்பது என்ன? வகுப்பறையில் சிதைப்பவை பற்றிய பாடம். வெளியே, கூட்டிக் குவித்த சருகுக்குத் தீ. எரியும் சருகின் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. கரும்பலகை சொல்வதை முற்றம் மறுக்குமானால், பிள்ளை முற்றத்தையே நம்பும். பொது இடங்களில் குப்பையை எரிக்கலாகாது என்று 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. விதி எழுதப்பட்டது, வழக்கம் மாறவில்லை.

நாற்றம் எழும், பூச்சி சேரும், பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பார் உளர். ஈரக்கழிவோடு உலர்ந்த சருகைக் கலந்து, அவ்வப்போது கிளறிக் காற்றோட்டம் தந்தால் நாற்றம் பெரிதும் எழாது. நேரமும் மிகுதியாக வேண்டுவதில்லை. ஒரு மண்தொட்டியில் வாழையிலைத் துண்டு, வேப்பிலை, காகிதம், நெகிழிப்பை ஆகியவற்றைப் புதைத்து, ஈரம் காத்து, திங்களுக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்கச் செய்தால் போதும். எது மறைந்தது, எது மாறாதிருந்தது என்பதைப் பிள்ளையே எழுதட்டும். பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவட்டும். தமிழகம் 2019 இல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களை ஏன் தடை செய்தது என்பதை அத்தொட்டியே விளக்கிவிடும்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவலாம். உழுதலினும் எருவிடுதல் நன்று என்பதைத் திருக்குறளின் உழவு அதிகாரத்தில் நாம்தாமே நடத்துகிறோம்! அக்குறளுக்குப் பதவுரை கூறியபின், மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் சென்று ஒரு பிடி மண்ணைக் காட்டுவது தமிழ்ப்பணியே. வளமான மண்ணின் ஒரு கிராமில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று கூறினால், காலடி மண்ணை மாணவர் மதிப்பர். பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வருகின்ற கல்வியாண்டில் பள்ளிதோறும் ஓர் எருக்குழி தோண்டுவோம். அதற்கு நன்கொடை வேண்டா. மண்வெட்டியும் மனமும் போதும்.