எஞ்சும் ஈரலை எண்ணிப் பார்த்தோமா?

“அறுவை வெற்றி, நோயாளிதான் பிழைக்கவில்லை” என்று மருத்துவர்களைக் கேலி செய்யும் பழைய நகைச்சுவை ஒன்றுண்டு. விடுதி அறைகளில் அதைச் சொல்லிச் சிரிக்காத மாணவர் குறைவு. கல்லீரல் அறுவையைப் பொறுத்தமட்டில் அது நகைச்சுவையன்று, அப்படியே நடக்கக்கூடியது. கட்டி முழுதும் அகன்றிருக்கும். குருதிப் போக்கு நின்றிருக்கும். நோயாளி கண் விழித்து உற்றாரோடு பேசியும் இருப்பார். நான்கைந்து நாட்கள் கழித்துக் கண் மஞ்சளிக்கும், வயிற்றில் நீர் கட்டும், நினைவு தடுமாறும். எஞ்சிய ஈரல் உடலைத் தாங்க மாட்டாமல் தோற்றுப் போயிருக்கும். அந்தத் தோல்வியை நேரே மாற்றும் மருந்து எதுவும் இல்லை. தொற்று வராமல் காத்து, உடலுக்குத் துணை நின்று, ஈரல் தானாகத் தேறுமா என்று பார்த்திருக்க வேண்டியதுதான்.

“கல்லீரலை வெட்டினாலும் வளர்ந்துவிடும்” என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. கழுகு பகலில் தின்ற ஈரல் இரவில் வளர்ந்துவிடும் என்னும் கிரேக்கத்துப் பிரமீதியஸ் கதையும் உடன் வந்துவிடும். கதை மட்டுமன்று. 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றிய பின்னும் அது மீண்டும் வளர்வதைச் சோதனையால் காட்டினர். இதில் பொய்யேதும் இல்லை. ஆயினும் இது பாதி உண்மையே என்பது என் கருத்து. வளரும் என்று சொல்வோர், வளர்கிற வரையில் வேலையை யார் பார்ப்பது என்று சொல்வதில்லை.

வளர்ச்சி என்றதும் வெட்டிய முருங்கை துளிர்ப்பதைப் போல எண்ணிவிடுகிறோம். அகற்றிய பகுதி மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியிலுள்ள உயிரணுக்களே பருத்தும் பிரிந்தும் பெருகி அந்தக் குறையை நிரப்புகின்றன. அதற்குள் அவற்றின் பாடு என்ன? நம் விடுதிச் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். பத்துச் சமையற்காரரில் எழுவர் ஒரே காலையில் போய்விட்டனர். பந்தியில் அமர்ந்த கூட்டமோ குறையவில்லை. மீந்த மூவரும் அத்தனை பேருக்கும் சமைக்க வேண்டும். புதிய ஆட்களையும் பழக்க வேண்டும். ஈரலின் நிலை இதுவே. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குருதி அதற்குள் பாய்கிறது. அதில் பெரும்பங்கு குடலிலிருந்து வாயிற்சிரை வழியே வருவது. ஈரலில் பாதிக்கு மேல் வெட்டியெடுத்த பின்னரும் குடல் அனுப்பும் குருதி அதற்கேற்பக் குறைவதில்லை. அத்தனையும் சிறிய துண்டுக்குள் புகுந்து அழுத்தும்போது, வளர வேண்டிய திசுவே சிதைகிறது.

ஆகவே எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட எவ்வளவு எஞ்சுகிறது, அது எத்தகையது என்பதே கேள்வி. நோயற்ற ஈரலானால் நூற்றுக்கு 20 முதல் 25 பங்காவது எஞ்ச வேண்டும் என்பது அறுவை மருத்துவர்களின் கணக்கு. புற்றுநோய் மருந்துகளை நீண்ட நாள் தாங்கிய ஈரலுக்கு 30. இறுகிச் சுருங்கிய ஈரலுக்கு 40. இந்த அளவை சி.டி. ஸ்கேன் மூலம் அறுவைக்கு முன்பே கணித்துவிடலாம். பாரிசை அடுத்த கிளிஷியின் மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. அறுவைக்குப் பின் ஐந்தாம் நாளில் குருதி உறையும் ஆற்றல் பாதிக்குக் கீழும், பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலும் இருந்தவர்களில் நூற்றுக்கு 59 பேர் இறந்தனர். அறுவைக் கூடத்து வாயிலில் சொல்லப்படும் வெற்றிச் செய்தியை ஐந்து நாளாவது ஒத்திப்போட்டால் தவறில்லை!

எஞ்சும் பங்கு போதாதென்றால் வழியில்லாமல் போகவில்லை. ஜப்பானிய அறுவை மருத்துவர் மக்குச்சி முதலானோர் 1980-களில் ஒரு முறையை வளர்த்தனர். அகற்றப்போகும் பக்கத்து வாயிற்சிரைக் கிளையை முன்கூட்டியே அடைத்துவிட்டுச் சில வாரம் காத்திருப்பது. குருதி முழுதும் மறுபக்கம் திரும்ப, அப்பக்கம் பருக்கிறது. அதன் பிறகே கத்தி. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான். ஆனால் உற்றாருக்குப் பொறுமை இருப்பதில்லை. “கட்டியை இன்றே எடுத்துவிடுங்கள்” என்கிறார்கள். காத்திருக்கையில் கட்டியும் வளரக்கூடும் என்ற அவர்களது அச்சத்தைப் புறந்தள்ளவும் முடியாது. இந்த அவசரத்துக்கு விடையாக ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் 2007-இல் இரண்டு கட்ட அறுவை பிறந்தது. எஞ்சும் ஈரல் ஒன்பதே நாளில் நூற்றுக்கு 74 பங்கு பெருத்தது என்று 2012-இல் எழுதினர். வியத்தகு வேகம்தான், ஆனால் அந்த முதல் 25 பேரில் மூவர் மருத்துவமனையிலேயே இறந்தனர். பருமன் கூடிய அளவுக்குத் திறன் கூடுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது.

நோயாளிக்காவது வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஈரலைத் தானமாகக் கொடுப்பவரோ நலமுள்ளவர்! 2003-இல் ஜப்பானின் கியோட்டோவில் மகளுக்கு ஈரல் கொடுத்த தாய், ஈரல் செயலிழந்து இறந்தார். அவருக்கு எஞ்சியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் கொழுப்பு படிந்து அழற்சி கண்டிருந்தது. அந்நாட்டில் ஈரல் கொடுத்து இறந்த முதல் மனிதர் அவரே. இத்தகைய இறப்புகள் அரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் நாட்டில் ஈரல் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினரை நம்பியே நடக்கின்றன. பிள்ளைக்கு நோய் என்றால் ஈரக்குலை பதறும் தாயிடமும், கணவனுக்கு நோய் என்று கலங்கும் மனைவியிடமும், “கவலை வேண்டாம், ஆறு வாரத்தில் வளர்ந்துவிடும்” என்று மட்டும் சொல்லிக் கையொப்பம் வாங்குவது சம்மதம் பெற்றதாகுமா?

“எல்லாவற்றையும் சொன்னால் அஞ்சி ஓடிவிடுவார்கள், பிழைக்க வேண்டியவரும் இறந்துபோவார்” என்று சிலர் வாதிடுவர். இதில் எனக்கு உடன்பாடில்லை. தாய் அஞ்சி ஓடுவாள் என்று எண்ணுவோர் தாயை அறியாதவர்கள். அவள் தெரிந்தே கொடுக்கட்டும். ஒப்புதல் தாளில் மூன்று வரிகள் கூடினால் போதும். எஞ்சப்போவது நூற்றுக்கு எத்தனை. அந்த ஈரலில் கொழுப்போ வேறு கேடோ உண்டா. ஐந்தாம் நாளில் குருதிச் சோதனை மோசமாக வந்தால் அடுத்து என்ன செய்வார்கள். இம்மூன்றையும் தமிழில் எழுதி, கையொப்பம் இடுபவருக்குப் படித்தும் காட்ட வேண்டும்.

— இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு