கடைசியாகப் பூட்டியதை முதலில் பாருங்கள்

1957-இல் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் கொண்டுவந்தது. முழு வண்டியாக வாங்கினால் அதற்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையைச் சொல்லும் தாள் பாகங்களோடு வரக்கூடாது. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் அதற்கும் வழி கண்டார். வண்டியைப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனால் வண்டி தயார். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவன், கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வீட்டில் பூட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. பூட்டிய வண்டி மிஸ் அடிப்பதும் நிற்கவில்லை.

கம்பெனி வண்டி மிஸ் அடித்தால் தேய்ந்துபோன பாகத்தைத் தேடுகிறோம். ஒரு காலத்தில் எல்லாம் சரியாக ஓடியது என்ற தைரியம் நமக்கு இருக்கிறது. இப்படிப் பாகங்களாக வாங்கிப் பூட்டிய கிட் காரில் அந்தத் தைரியம் கிடையாது. எஞ்சின் ஒரு பழைய போர்டு காரிலிருந்து வந்திருக்கும், கார்புரேட்டர் வேறெங்கோ வாங்கியது, ஒயரிங் உரிமையாளரே இழுத்தது. தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொன்றும் நல்ல பாகம். கோளாறு பெரும்பாலும் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும். அதனால் பானெட்டைத் தூக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கடைசியாக எதைப் பூட்டினீங்க?"

ஒரு உதாரணம் பார்ப்போம். போர்டு கென்ட் கிராஸ்ஃப்ளோ எஞ்சின், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், இரட்டை வெபர் கார்புரேட்டர். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிஷம் ஓடியதும் குலுங்குகிறது. ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. உரிமையாளர் ஏற்கெனவே ஜெட்டை மாற்றிவிட்டார், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றிவிட்டார். காயிலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. மல்டிமீட்டரில் அதன் பிரைமரி ஒன்றரை ஓம் காட்டுகிறது. அது பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில். போர்டு அந்த ரெசிஸ்டரைத் தனிப் பாகமாக வைக்காமல், இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரையே ரெசிஸ்டராக ஒயரிங்குக்குள் வைத்திருந்தது. பழைய ஒயரிங்கைக் கழற்றிப் போட்டபோது ரெசிஸ்டரும் அதோடு போய்விட்டது. மூன்று ஓம் இருக்க வேண்டிய வழியில் ஒன்றரை ஓம்தான் மிச்சம். பாயிண்ட் மூடியிருக்கும்போது பதின்மூன்றரை வோல்ட்டில் நாலரை ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் ஒன்பது ஆம்பியர். காயிலுக்குள் சூடு நான்கு மடங்கு. பாயிண்ட்டும் சீக்கிரம் கருகும். பாகம் எதுவும் கெடவில்லை, ஒரு ஒயர்தான் இல்லை. அதை எந்த ஜெட்டாலும் சரிசெய்ய முடியாது.

எர்த்தும் இப்படித்தான். பல கிட் கார்களுக்கு ஃபைபர் பாடி, அதில் மின்சாரம் திரும்பி வர வழியில்லை. சேஸிஸ் இரும்புதான், ஆனால் மேலே கெட்டியான பவுடர் கோட்டிங். எஞ்சினோ ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. எர்த் பட்டையை மறந்தால், அல்லது பெயின்ட்டின் மேலேயே முறுக்கினால், கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுரண்ட வேண்டியது எங்கே என்று தெரிந்துவிடும். லைட், ஃபேன் எல்லாம் போட்டு எஞ்சின் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது. இன்சுலேட்டட் கொறடால் பிளக் லீட்டை ஒவ்வொன்றாக எடுத்து எர்த்தில் பிடித்தால், எதை எடுத்தும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் சோம்பேறி சிலிண்டர். இரட்டை வெபரில் இந்தச் சோதனை இன்னும் பேசும், ஏனெனில் சிலிண்டருக்கு ஒரு தொண்டை, தொண்டைக்கு ஒரு ஐடில் ஜெட். ஒன்று மட்டும் தூங்கினால் அந்த சிலிண்டரின் பிளக், வால்வு, ஜெட். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தெளிந்துவிட்டால் ஐடில் ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் குழாயை வெட்டியபோது உள்ளே விழுந்த ரப்பர் துணுக்கு அதில் இருக்கலாம். ஒன்றும் இரண்டும் சேர்ந்து தூங்கினால் அந்தக் கார்புரேட்டரின் ஃப்ளோட் மட்டம், அல்லது இரண்டு கார்புரேட்டரும் சமமாகத் திறக்காதது. இரண்டும் மூன்றும் தூங்கினால் அவை வெவ்வேறு கார்புரேட்டரைச் சேர்ந்தவை. கம்ப்ரஷன் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கம்ப்ரஷன் சரியாக இருந்தால் லீட்டைப் பாருங்கள். கென்ட்டின் ஃபயரிங் ஆர்டர் 1-2-4-3. நம் கைக்குப் பழகியது 1-3-4-2. பழக்கத்தில் பூட்டினால் இரண்டும் மூன்றும் இடம் மாறி, ஒன்றும் நாலும் மட்டும் வேலை செய்யும்.

இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் வண்டி வந்த ஐந்தாவது நிமிஷமே மிக்சர் ஸ்க்ரூவில் கை வைத்துவிடுகிறோம். காயில் கோளாறு உள்ள எஞ்சினும் ஸ்க்ரூவைத் திருப்பினால் கொஞ்சம் நிதானப்படும். பிறகு இரண்டு கோளாறு, அதில் ஒன்று நம்முடையது. திருப்பத்தான் வேண்டுமென்றால், முதலில் முழுக்க மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுத் திருப்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, காயில் எத்தனை ஓம், பேலஸ்ட் எங்கே இருக்கிறது, ஜெட் நம்பர், டைமிங் எத்தனை டிகிரி, ஃபயரிங் ஆர்டர், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், எர்த் பட்டை போல்ட் எங்கே. இந்த வண்டிக்கென்று மேனுவல் கிடையாது. 1957-இல் வரிக்குப் பயந்து பெட்டியில் வைக்காமல் விட்ட தாள் அது. அதை பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டு அனுப்பினால், அடுத்து வண்டியைத் திறப்பவர் ஸ்க்ரூவைத் தேடும் முன் அதைப் படிப்பார்.