நம்பாதோர் மதில்

நாஸ்திகனை நரகத்துக்கு அனுப்பும் சமயங்களை நாம் அறிவோம். நாஸ்திகனை மதிலுக்குக் கல்லாக அனுப்பும் விளையாட்டு ஒன்று இருப்பதை நம்மிற் பலர் அறியார். அறிந்த இளைஞர்களோ, பேச்செடுத்தால், "அது வெறும் கதைதானே, சேர்" என்று முடித்துவிடுகிறார்கள். வெறும் கதை என்று ஒன்று உலகில் உண்டா என்பதுதான் இங்கே நமது வழக்கு.

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்பது 1974 ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட ஆட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் அவ்வுலகத்து வீரனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் பூசாரியாகவும் நின்று பேசுகிறார்கள்; பகடை உருட்டித் தம் செயலின் பலனைக் காண்கிறார்கள். கூத்தும் சொக்கட்டானும் கலந்த ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்துக்கென்றே முழு உலகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன: நிலப்படம், அரசவம்சம், தேவர் கூட்டம், தலபுராணம் எல்லாம் சேர்த்து. அவற்றுள் புகழ் மிக்கது எட் கிரீன்வுட் என்னும் கனடியர் சிறு பிராயம் முதல் கட்டி வளர்த்த ஃபொர்காட்டன் ரெல்ம்ஸ். 1987 இல் அது பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தது.

அவ்வுலகில் தேவர்கள் இருக்கிறார்களா என்று எவனும் கேட்பதில்லை. பூசாரி வேண்டுகிறான், புண் ஆறுகிறது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? ஆனால் அத்தேவர்களுக்கு ஒரு குறை உண்டு. அவர்களுடைய வலிமை அவர்களைக் கும்பிடுவோரின் தொகையைப் பொறுத்தது. ஆகவே, எந்தத் தெய்வத்தையும் தன் தெய்வமாக ஏற்காமல் இறப்பவனுடைய உயிர், செத்தோர் நகரத்தைச் சுற்றியுள்ள மதிலில் வைத்துக் கட்டப்படுகிறது. அங்கே பூஞ்சணம் பற்றி, மெல்ல மெல்லக் கரைந்து, இல்லாமற் போகிறது. அவன் நல்லவனா, பசித்தவனுக்குச் சோறிட்டவனா என்ற விசாரணை கிடையாது.

1998 இல் வெளிவந்த ஒரு நாவல் இந்த இரகசியத்தைத் தானாகவே உடைத்துவிடுகிறது. கெலம்வோர் என்பவன் மனிதனாயிருந்து மரணதேவனாகப் பதவி ஏற்றவன். பழைய நினைவால், இறந்தோரை அவர்களுடைய செய்கையைக் கொண்டு தீர்ப்பிடத் தொடங்குகிறான். மற்றத் தேவர்கள் கொதித்தெழுகிறார்கள். நல்லவனாக வாழ்ந்தாலே மறுமையில் அச்சமில்லை என்றாகிவிட்டால், கோவிலுக்கு வருபவன் யார்? கெலம்வோர் பணிந்துபோகிறான். இது பக்தியா, வரிவசூலா? நம் பகுதியில் போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இருந்த உறவை அறிந்தவர்களுக்கு இந்தத் தேவர்களின் முகம் புதியதன்று. விளைச்சலைச் சுமந்து வந்து கொட்டுகிறவன் இல்லையென்றால் போடியார் போடியாரல்லர்.

1980 களில் அமெரிக்காவின் சமய அடிப்படைவாதிகள் இவ்வாட்டத்துக்கு எதிராகப் பெருங்கூச்சல் எழுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் பேய் வழிபாடு கற்பிக்கிறது என்றார்கள். என்ன அறியாமை! கற்பிப்பது பேய் வழிபாடு என்றாலாவது அதில் கொஞ்சம் கலகம் இருந்திருக்கும். ஆண்டவனுக்கு அடங்கு, அடங்கினால் வல்லமை தரப்படும், அடங்காவிட்டால் மதிலில் வைக்கப்படுவாய் என்று அச்சிட்டுத் தந்த புத்தகத்தை அவர்களே அல்லவா வாங்கி விநியோகித்திருக்க வேண்டும்?

நமது தெய்வங்களும் இந்த ஆட்டத்துக்குத் தப்பவில்லை. 1976 இலேயே ஒரு சிறு நூலில் இந்தியத் தேவர்கள் ஆட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 1980 இல் வந்த பெரிய நூலில் இந்திரனுக்கும் அக்கினிக்கும் காளிக்கும் யமனுக்கும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவசவலிமை இத்தனை என்று எண் போடப்பட்டது. இதைப் பார்த்துப் புண்படும் பக்தர் உண்டு. எனக்கு அந்த நோவு இல்லை. எண் போடுவது குற்றமென்றால் நம் வீட்டுப் பரமபதச் சோபனமும் குற்றமே. வைகுந்தத்தை அதிலே கட்டம் எண்ணித்தான் எட்டினோம். எனது புகார் வேறு. அந்த நூலில் தெய்வம் இருக்கிறது, அதை உண்டாக்கிய மக்கள் இல்லை. கண்ணகியை அந்த அட்டவணைக்குள் இட்டுப் பாருங்கள். தீயால் நகரெரிக்கும் ஆற்றல் என்று எழுதலாம். அதற்கு எத்தனை பகடை என்றும் எழுதலாம். ஏன் எரித்தாள் என்று எழுத எந்த நிரலும் இல்லை. அரசன் பிழையான தீர்ப்புச் சொன்னான், கணவனை இழந்த ஒருத்தி அவனை அவையிலே கேள்வி கேட்டாள் என்ற செய்தி இல்லாமற் போனால், மிஞ்சுவது ஒரு வெடிமருந்துப் பெட்டி.

ஆலையடிவேம்பிலிருந்து வடக்கே கல்முனை வரைக்கும் தெற்கே தம்பிலுவில், திருக்கோவில் வரைக்கும் உள்ள இந்தக் கரையில், தெய்வத்தை வைத்து விளையாடுவது என்றும் பாவமாகக் கருதப்பட்டதில்லை. கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் கோவில் விழாவில், ஊர்மனிதரே பாண்டவராகி வனவாசம் போகிறார்கள்; அருச்சுனன் தவநிலை ஏறுகிறான்; பதினெட்டாம் நாள் தீ மிதிக்கப்படுகிறது. வேடம் தரிப்பதும் உலகம் ஒன்றைச் சேர்ந்து கற்பிப்பதும் மேல்நாட்டார் 1974 இல் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் ஒருமுறை அங்கே போய் நின்று பார்க்கட்டும்.

கொம்பு விளையாட்டு இன்னும் கூர்மையானது. ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும் வரை இழுப்பு. முறிந்த சேரிக்கு வசைப்பாட்டு; தெய்வத்தின் பக்கம் நின்றாலும் தப்பில்லை. மழை வேண்டியும் அம்மைநோய் தணியவும் இவ்வாறு செய்தார்கள். வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலில் இவ்விளையாட்டை விரித்துரைத்திருக்கிறார். சிங்கள மக்களும் பத்தினி தெய்வத்தின் பேரால் இதையே அங்கெலிய என்று ஆடினார்கள். இன்று இரு பக்கத்திலும் அது அரிதாகிவிட்டது. வைகாசிக் குளிர்த்தியோ இன்றும் நடக்கிறது. அதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள்: வெப்பத்தில் தகிப்பவள் தெய்வம், குளிர்விப்பவர்கள் மக்கள். தெய்வம் மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறது! மதில் கட்டும் தேவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது.

ஆனால் நமது கரையைப் பொற்காலமாக வர்ணிப்பது பழைமைவாதிகளின் தொழில், நமதன்று. நம்மிடமும் உலகத்தை எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். கோவிற் கல்வெட்டு என்று இங்கே வழங்குவது பெரும்பாலும் கல்லில் வெட்டியது அன்று. ஏட்டில் எழுதிப் படிக்கப்பட்டது. எந்தக் குடிக்கு முதல் வரிசை, எந்தக் குடியிலிருந்து வண்ணக்கர், எந்தச் சாதிக்கு எந்த ஊழியம் என்பதையெல்லாம் அது விதித்தது. அரசர்களும் குடிவரவுகளும் தேவர்களும் ஒரே மூச்சில் வந்துபோகும் மட்டக்களப்பு மான்மியத்தை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்தார். அதை வரலாறாகப் படிப்பவர் உண்டு, புராணமாகப் படிப்பவர் உண்டு. உரிமைப் பத்திரமாகப் படித்தவர்களே மிகுதி. தாய்வழிக் குடிமுறை இக்கரை முஸ்லிம் மக்களிடமும் வேரோடியது. பள்ளிவாசல் மரைக்காயர் பதவி குடிப்படியே சென்றது. ஒருவனுக்கு எங்கே நிற்க இடம் என்பதை ஒரு பழங்கதை தீர்மானித்தது. பறை கொட்டிய கை இல்லாமல் அம்மன் வெளிவீதி வரவில்லை. அந்தக் கைக்கு உரியவனுக்கோ உள்வீதி இல்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், 1968 இல் மாவிட்டபுரத்தில் கோவில் வாயில் மூடப்பட்டு, வெளியே நின்றவர்கள் அடிபட்டார்களே, அந்த வாயிலை மூடிய கைகளுக்குப் பின்னால் இருந்தது என்ன? "இது ஆதியிலிருந்து வந்த வழக்கம்" என்ற கதைதான். வெறும் கதை!

ஆகவே, கற்பனை உலகத்தை எழுதுபவனையும் நாம் கேட்க வேண்டும்: உன் தேவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? கேட்டவர்கள் அவ்வாட்டக்காரருள்ளேயே இருந்திருக்கிறார்கள். 1991 இல் வந்த டார்க் சன் என்ற உலகில் தேவர்களே இல்லை. மந்திரவாதி அரசர்கள் நகரங்களை அடிமைகளின் முதுகில் ஆள்கிறார்கள்; அவர்களுடைய அதிகாரிகள் பூசாரிகளைப் போல் அவர்களிடமிருந்தே வல்லமை பெறுகிறார்கள்; மந்திரம் மண்ணின் உயிரை உறிஞ்ச, நிலம் பாலையாகிறது. அரசனும் தெய்வமும் ஒரே நாற்காலியில் அமர்ந்தால் என்ன நேரும் என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்டுவது கடினம். கீத் பேக்கர் படைத்து 2004 இல் வந்த எபெரன் உலகிலோ தேவர் உண்டா என்பதற்கு முடிவான சான்றே இல்லை. ஒன்றுக்கொன்று முரணான நம்பிக்கை கொண்டவர்களின் வேண்டுதலும் பலிக்கிறது. அங்கேதான் நம்பிக்கை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது. கண்ணெதிரே நிற்கும் எசமானை நம்புவதற்கு என்ன இருக்கிறது?

மதிலை எதிர்த்த கதையும் எழுதப்பட்டது. 2007 இல் வந்த ஒரு கணினி விளையாட்டு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. காதலித்தவளை மதிலிலிருந்து மீட்கத் தன் தேவனுக்கு எதிராகப் படை திரட்டிய பூசாரியின் சாபம் அதன் கரு. ஆனால் ஆட்டக்காரர் என்ன செய்தாலும் மதிலை வீழ்த்த முடியாது. எழுதியவர்கள் அதற்கு வழிவிடவில்லை. அதுவே கணினிக்கும் மேசைக்கும் உள்ள வேறுபாடு. மேசையில் புத்தகம் இறுதி வாக்கன்று. சுற்றி இருப்பவர்கள் ஒப்பினால் எந்த விதியையும் மாற்றலாம் என்பது இவ்வாட்டத்தின் பழைய மரபு. நமது கோவில்களில் ஏடு படித்தவரிடம் இந்த உரிமையைக் கேட்டவர்கள் தடியடி பட்டார்கள். இங்கே அது இலவசமாகக் கிடைக்கிறது. கிடைத்தும், புத்தகத்தில் உள்ள தேவர் பட்டியலை மனப்பாடம் செய்து, பக்கம் பிசகாமல் ஒப்பிக்கும் இளைஞர்களைக் காணும்போதுதான் ஆசிரியனாகிய எனக்குக் கோபம் வருகிறது. ஒப்பிப்பதற்கு நமது பாடசாலைகளே போதாவா?

2015 ஆம் ஆண்டின் வழிகாட்டி நூலிலும் மதில் இருந்தது. 2020 இல் பிழைதிருத்தப் பட்டியலோடு அந்த வரிகள் நீக்கப்பட்டன. அச்சுப்பிழையைத் திருத்துவது போல, காரணம் கூறாமல் சில வரிகள் போயின. பழைய நாவல்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. மதிலுக்குள் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எவரும் எழுதவில்லை. அடுத்த விடுமுறையில் மேசையைச் சுற்றி அமரப்போகும் மாணவர்கள் அதை எழுதட்டும். எழுதும்போது அந்த நகரத்தில் பறை கொட்டுபவன் யார், அவன் எந்த வாயிலால் உள்ளே வருகிறான் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.